மணிமேகலையைச் சிறையிட்டது ஏன்?

மந்திர ஆற்றல் கைவரப் பெற்ற ஒருவரைத் தம் விருப்பம்போல் நாட்டில் நடமாட விடலாமா? அன்றி, அவர் தீங்கு செய்யுமுன்னரே பிடித்துக் காவலில் வைத்தல் வேண்டுமா? ஆங்கிலத்தில் வெளிவரும் மாயக் கதைகள் பலவற்றில் இவ்வினா திரும்பத் திரும்ப எழுகின்றது. அவற்றைப் படிக்கும் நம் இளைஞர், இத்தகைய ஆராய்ச்சி தமிழில் உண்டோ என ஐயுறுகின்றனர். உண்டு. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் நடுப்பகுதி இவ்வினாவின் மேலேயே நிற்கின்றது. 1898-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வழங்கிய அக்காப்பியத்தை நாம் பௌத்த சமய நூலென்றும், பசிப்பிணி தீர்த்த நங்கையின் கதையென்றும் போற்றி வருகின்றோம். அவ்வளவோடு அமையாது, அஃது ஆற்றலையும் அதிகாரத்தையும் எதிரெதிரே நிறுத்தி ஆராயும் நூலுமாகும்.

கதையை நினைவூட்டிக்கொள்வோம். மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அருளுகின்றது. ஒன்று வேற்றுருக் கொள்வது. மற்றொன்று வான்வழியே செல்வது. பிறிதொன்று பசியை வெல்வது. அத்தீவிலேயே அமுதசுரபியும் அவள் கைக்கு வருகின்றது. புகாருக்கு மீண்டவள் தன்னைத் தொடரும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்புதற்கு, காயசண்டிகை என்னும் விஞ்சைமகளின் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவியைத் தேடி வருகின்றான்; அவ்வடிவைத் தன் மனைவியே என மயங்குகின்றான்; நள்ளிரவில் அவளை நாடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். பின்னர் வானில் எழுந்து தன் ஊர் போய்ச் சேருகின்றான்.

இங்கே ஆற்றல் பெற்றோர் இருவர் உளர். ஒருவன் கொன்றான், பறந்துவிட்டான். மற்றொருத்தி எவரையும் கொன்றிலள், ஊருக்குச் சோறிட்டாள், அவள் சிறைப்பட்டாள். நடந்தது இன்னதென்பதை முனிவர் வாயிலாகக் கேட்டறிந்த பின்னரே சோழ மன்னன் அவளைக் காவலில் வைக்கப் பணிக்கின்றான் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவன் கொடுங்கோலன் அல்லன். தன் மகன் செய்த பிழையைத் தானே ஒறுத்திருத்தல் வேண்டுமென்று சொல்லும் நேர்மை உடையவன். சில நாட்களுக்கு முன்னர்தான் அவள் வேண்டுகோளுக்கு இணங்கிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவனும் அவனே. அத்தகையவனும் குற்றமற்றவளைச் சிறையிட்டது ஏன்? குற்றவாளி வானத்தில் இருக்கின்றான். அவன் கைக்கு எட்டான். இவளோ எட்டுவாள். அஞ்சிய அரசு ஆபத்தானவரைப் பிடிப்பதில்லை; அகப்பட்டவரைப் பிடிக்கின்றது. சாத்தனார் இதனை உரக்கச் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்து நம்மையே உணரச் செய்கின்றார்.

இந்நாட்டு வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் கூலாய் வட்டாரத்திலும் புதுக்கிராமங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, ஊரடங்கு வந்தது, உணவுப் பண்டங்கள் கட்டுப்பாட்டிற்குள் வந்தன. அன்று அபாயம் பொய்யன்று. உயிர்கள் பல மாண்டன. ஆயினும் துப்பாக்கி காட்டில் இருந்தவர் கையில் இருந்தது. வேலியோ ஊரில் இருந்தவரைச் சுற்றி நின்றது. காவலுக்குக் காரணம் இருந்தது என்பதனாலேயே காவலில் வைக்கப்பட்டவர் குற்றவாளிகள் ஆகிவிடார்.

இனி, காவலின் உள்ளே நடப்பதையும் காப்பியம் மறைக்கவில்லை. மகனை இழந்த இராசமாதேவி, நல்லுரை பேசி மணிமேகலையைச் சிறையினின்று விடுவித்துத் தன்பால் வைத்துக்கொள்கின்றாள். பித்தேற்ற முயல்கின்றாள், கல்லா இளைஞன் ஒருவனைக் கூலி கொடுத்து ஏவுகின்றாள், உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கின்றாள். 'நாட்டின் காப்பு' என்று தொடங்கிய சிறை, ஒருத்தியின் வஞ்சம் தீர்க்கும் கருவியாக முடிகின்றது. வானில் எழும் மந்திரம் அறிந்தவள் மணிமேகலை. அவள் நினைத்திருப்பின் எந்தச் சுவர் தடுத்திருக்கும்? அவள் பறந்திலள். ஆண்வடிவு கொண்டு தன்னைக் காத்தாள். பசியை வெல்லும் மந்திரத்தால் உயிர் தாங்கினாள். அரசியை அழிக்க ஒரு மந்திரத்தையும் ஏவவில்லை. அஞ்சி நடுங்கிய அரசிக்கு அறம் உரைத்துத் தேற்றினாள். அவளைக் கட்டியது சுவரன்று, தன் அறமே.

கண்ணகியை இவளோடு ஒப்புநோக்குதல் தகும். அவள் ஆற்றலும் தவறான தீர்ப்புக்கு எதிராகவே எழுந்தது. அறவோர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விலக்கித் தீயோரிடம் செல்க என்று தீக்கடவுளுக்கு அவள் வரம்பும் விதித்தாள். ஆயினும் ஒரு மன்னன் செய்த பிழைக்கு ஒரு மாநகர் எரிந்தது. பத்தினித் தெய்வமான அக்கண்ணகியே, வஞ்சியில் தன் படிமத்தைத் தொழ வந்த மணிமேகலையிடம், அச்சினத்தின் பாவம் தன்னை வந்து எய்தாமல் ஒழியாது என்று உரைப்பதாகச் சாத்தனார் அமைத்திருக்கின்றார். தெய்வமாக்கிய பின்னரும் கேள்வி கேட்கும் துணிவு அது. ஆற்றலுடையோருக்கு விடுதலை வேண்டுமென்போர் இப்பகுதியை மறத்தல் ஆகாது.

காப்பியத்தில் நாம் உடன்பட இயலாத இடமும் உண்டு. கந்திற்பாவை உதயகுமரனின் சாவுக்கு முற்பிறப்பின் வினையைக் காரணம் காட்டுகின்றது. அக்கொலையின் வினை காஞ்சனனையும் விடாது என்று எச்சரிக்கின்றது. அத்துடன் அவன் வழக்கு முடிந்துவிடுகின்றது. இம்மையில் ஒரு மன்றமும் அவனை வினவவில்லை. செய்தவனை மறுபிறப்பின் கணக்கில் எழுதி வைத்து, செய்யாதவளை இப்பிறப்பிலேயே அடைத்து வைப்பது நீதியாகுமோ? வினைக்கோட்பாடு துயருற்றார்க்கு ஆறுதலாகலாம். அரசின் கடமைக்கு ஈடாகாது.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. தோட்டத்திலும் தாமானிலும் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் நோயுற்றால், "செய்வினை" என்னும் சொல் இன்றும் எழுகின்றது. அச்சொல் எவர்மேல் சென்று விழுகின்றது? பணமும் ஆள்பலமும் உள்ளவர்மேல் அன்று. தனித்து வாழும் கிழவிமேலும் துணையற்ற கைம்பெண்மேலுமே விழுகின்றது. இந்தியாவில் பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சுட்டுவதையே குற்றமாக்கிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. மந்திரத்தினின்று மக்களைக் காப்பதற்கன்று; மந்திர அச்சத்தினின்று பெண்களைக் காப்பதற்கு!

மந்திரவாதிகளைத் தம் போக்கில் விட்டுவிடலாமோ எனின், அதுவும் அன்று. 1993-இல் பகாங் மாநிலத்தில் மஸ்லான் இட்ரிஸ் என்னும் சட்டமன்ற உறுப்பினர், வல்லமை தருவதாகக் கூறிய மோனா பெண்டி என்னும் மந்திரவாதி முதலிய மூவரால் கொலையுண்டார். 2001-இல் அம்மூவரும் தூக்கிலிடப்பட்டனர். தூக்குத் தண்டனை தகுமா என்பது வேறு வழக்கு. ஈண்டு நோக்கத்தக்கது, அவர்மேல் சாட்டிய குற்றம் மந்திரம் அறிந்தமை அன்று, கொலை செய்தமை என்பதே. செயலுக்கே விசாரணை, செயலுக்கே தண்டனை. சோழ மன்னன் தவறவிட்ட வேறுபாடு இதுவே.

ஆகவே மாயக் கதை படிக்கும் இளைஞர்க்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றுண்டு: கட்டுவதா, விடுவதா என்று கேட்குமுன், கட்டுபவர் கையிலும் ஓர் ஆற்றல் இருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதற்கும் கணக்குக் கேட்டாக வேண்டும். மணிமேகலையின் சிறைப் பகுதிகளை மீண்டும் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சூனியக்காரி என்று எவரையேனும் சுட்ட எழும் கை, அதன் பின்னர்த் தானே தாழும்.