"அது நிலத் தகராறுங்க"

போன மாதம் கலவையில் ஒரு டீக்கடையில் பேச்சு. பக்கத்து ஊரில் ஓர் அடிதடி, வழக்கு வன்கொடுமைச் சட்டத்தில் பதிவாகியிருந்தது. "இதுல சாதி எங்க வந்துச்சு? அது நிலத் தகராறுங்க" என்றார் ஒரு பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை, சண்டை நிலத்தை வைத்துத்தான். ஆனால் கிட்டத்தட்ட இதே வாதத்தை இரண்டு நாட்டுத் தீர்ப்புகளில் படித்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பி.இ. படித்துவிட்டு கோடிங் எழுதுகிற ஆள். நிபந்தனை வரிகளை உன்னிப்பாகப் படிப்பது மட்டும் தொழில் பழக்கம்.

முதலில் அமெரிக்கா. அடிமைமுறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்களைக் கும்பல் வன்முறையிலிருந்து காக்க 1870-ல் மத்திய அரசு அமலாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில், தேர்தல் தகராறை ஒட்டி நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் கொன்றது. செத்தவர்கள் 60 பேர் என்பதிலிருந்து 150 பேர் வரை மதிப்பீடுகள் உண்டு. அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர்களோ மூன்றே பேர்.

அவர்களையும் 1876-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. க்ரூக்‌ஷாங்க் வழக்கு என்பார்கள். இரண்டு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று, 14-வது திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்களை அல்ல. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. இனம்தான் காரணம் என்று நாம் சந்தேகிக்கலாம், ஆனால் குற்றப்பத்திரிகையில் அப்படிச் சொல்லப்படவில்லையே என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட வழக்குகளை மத்திய அரசு நடத்துவது கடினமாகிப்போனது.

நம் அரசியல் சட்டம் முதல் ஓட்டையை அடைத்துவிட்டது. தீண்டாமையை ஒழிக்கும் 17-வது பிரிவு அரசை மட்டுமல்ல, தனி ஆட்களையும் கட்டுப்படுத்தும். இரண்டாவது ஓட்டை மட்டும் அப்படியே நம் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவைப் பாருங்கள். பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை, ஒருவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் "என்ற காரணத்தால்" அவருக்கு எதிராகச் செய்தால் ஆயுள் தண்டனை. இந்த "காரணத்தால்"தான் சிக்கல். கொல்ல வந்தவன் காரணத்தைச் சொல்லிவிட்டா வருவான்?

2006 செப்டம்பர் 29, மகாராஷ்டிராவின் கைர்லாஞ்சி. ஒரே தலித் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் பின்னணியில் நிலத் தகராறு இருந்தது. 2008-ல் பண்டாரா நீதிமன்றம் கொலைக்குத் தண்டித்தது, ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010-ல் உயர் நீதிமன்றமும் அந்த முடிவை மாற்றவில்லை.

2015 திருத்தம் அந்தச் சொற்களை மாற்றியது. 2016 ஜனவரி 26 முதல், பாதிக்கப்பட்டவர் இன்ன சமூகத்தவர் என்று "தெரிந்தே" செய்திருந்தால் போதும். குற்றவாளிக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். நம் ஊர்களில் யாருக்கு யார் சாதி தெரியாது?

"அப்போ எல்லாக் குற்றமும் வன்கொடுமை ஆகிடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பிரிவு தனியாக ஓடாது. அந்தப் பெரிய குற்றம் முதலில் நிரூபணமாக வேண்டும், அதற்குப் பிறகுதான் இந்த வரிக்கே வேலை. நிரபராதி யாரும் இதில் மட்டும் மாட்ட முடியாது.

ஒரு வரியைத் திருத்தியாயிற்று, பழைய தர்க்கம் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், சாதி சொல்லி அவமதித்த குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சம்பவம் நான்கு சுவருக்குள் நடந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இது சொத்துத் தகராறு என்பது. முதல் காரணத்துக்குச் சட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது, "பொதுமக்கள் பார்வையில்" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. சொத்துத் தகராறு ஒரு பக்கம், சாதி இன்னொரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட முடியுமா?

வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தை நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் இருந்தது, அந்த வழியே போக விடவில்லை என்பது ஊர் மக்களின் புகார். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. காகிதத்தில் பார்த்தால் இதுவும் வழித் தகராறுதான். வழியில் இருக்கும் நிலம் யாரிடம் இருக்கிறது, யார் பிணத்துக்குத் தனிச் சுடுகாடு என்று கேட்டால்தான் மீதி தெரியும்.

டீக்கடைப் பெரியவரிடம் அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை பார்த்தால் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: "சரிங்க ஐயா, நிலத் தகராறுதான். இதே தகராறு உங்க சாதிக்காரரோட வந்திருந்தா, இப்படி அடிச்சிருப்பாங்களா?"