தர்மபுரத்துக்கு முந்திய கதை

வன்னிப்போரை எழுதிய நமது நாவல்கள் பெரும்பாலானவற்றில் தர்மபுரம் ஒரு தங்குமிடம் மட்டுமே. 2009 ஜனவரி, பரந்தன்–முல்லைத்தீவு வீதி, உழவு மெசின்கள், கிளிநொச்சியிலிருந்து இடம்மாறிய ஆஸ்பத்திரி. ஷெல் விழுந்ததும் சனம் விசுவமடுப் பக்கம் நகரும். கதையும் கூடவே போய்விடும்.

அந்த மண்ணில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் யார்? அவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. அதே காலத்தில்தான் அவர்களின் முன்னோர் கடனில் கட்டுண்டு கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1958, 1977 கலவரங்கள் வன்னிக்குத் துரத்தின. அமெரிக்காவில் 1865இல் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கும் நிலம் கிடைக்கவில்லை. விலங்கு கழன்றால் மட்டும் போதாது, கால் ஊன்ற மண்ணும் வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்களின் துயரம் தமிழ் நாவலில் ஒற்றை வரியாகிப் போவதாகக் குறைப்படுகிறோம். குறை நியாயமானதே. ஆனால் எங்கட எழுத்தில் அந்த மலையகத்துச் சனத்துக்கு எத்தனை வரி கொடுத்தோம்? கேட்பவர் கொடுக்கவும் வேண்டும்.