ஸ்ரீபெரும்புதூரில் பூட்டியது, தாம்பரத்தில் கழற்றியது

ஐபோன் 11-இன் பேட்டரியை வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம். கழற்றிப் பூட்டிப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். போனின் உடம்பு இதற்கு இடம் கொடுக்கிறது. மென்பொருள்தான் கொடுப்பதில்லை.

2019 செப்டம்பரில் 64,900 ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவுக்கு வந்த போன் இது. அடுத்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையிலேயே தயாராக ஆரம்பித்தது. அன்று வாங்க முடியாதவர்கள் இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். சேலையூர், குரோம்பேட்டை பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் கையில் இதைப் பார்க்கலாம். கேமரா இன்றும் நன்றாக எடுக்கிறது. அன்றாட வேலைக்கு வேகமும் போதும். பேட்டரி மட்டும் மதியத்துக்குள் சோர்ந்துவிடும். 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பதே இந்த மாடலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு. 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. கத்திரியில் மீனம்பாக்கம் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில், வண்டி ஹேண்டிலில் மேப் ஓடியபடி ஜிஎஸ்டி சாலையில் போகிற போனின் பேட்டரி சீக்கிரம் தளர்வதில் வியப்பில்லை.

வேண்டியவை அதிகமில்லை: நுனி மாற்றும் ஸ்க்ரூடிரைவர் செட், ரப்பர் உறிஞ்சி, பிளாஸ்டிக் நெம்பி, ட்வீசர், பேட்டரி, பேட்டரி ஒட்டும் பட்டை, திரையைச் சுற்றி ஒட்டும் வாட்டர் சீல். எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். முதல்முறை இறங்குகிறவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செத்துப்போன போன் ஒன்றை வாங்கி, கை பழகிக்கொள்வது நல்லது. எந்த மாடலானாலும் பரவாயில்லை. ஃப்ளெக்ஸ் கேபிள் எவ்வளவு மெல்லியது, கனெக்டர் எந்த அழுத்தத்தில் விடுபடும் என்பதெல்லாம் வீடியோ பார்த்து வருவதல்ல, விரலுக்குத் தெரிய வேண்டியது.

சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, போனை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நிறைய சார்ஜ் உள்ள லித்தியம் பேட்டரியில் குத்துப்பட்டால் தீ மூர்க்கமாக எழும். சார்ஜிங் துளையின் இருபுறமும் ஐந்து இதழ்த் தலையோடு இரண்டு ஸ்க்ரூக்கள். அவற்றை எடுத்தாலும் திரை அசையாது, சுற்றிலும் பசை. ஹேர் டிரையரால் கீழ் விளிம்பைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, உறிஞ்சியை ஒட்டி இழுத்தால் மயிரிழை இடைவெளி விழும். அதில் நெம்பியைச் செருகி ஓரமாகவே நகர்த்த வேண்டும். வலது பக்கம் ஆழமாகச் செருகவே கூடாது. திரையின் கேபிள்கள் அங்கேதான் இருக்கின்றன. இடது விளிம்பைத் தூக்கினால் கதவு போல வலப்புறமாகத் திறக்கும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை விடுவிப்பது. அதை மூடியிருக்கும் தகட்டில் மூன்று கை கொண்ட ஸ்க்ரூக்கள். வேறு இடங்களில் பிலிப்ஸ். ஒவ்வொன்றின் நீளமும் வேறு. வெள்ளைத் தாளில் போனை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிவைக்க வேண்டும். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீளமானதை முறுக்கினால் அது மதர்போர்டின் உள் அடுக்குகளை அறுத்துவிடும். அப்புறம் பேட்டரிச் செலவோடு போகாது. திரையின் மேல்முனையில் இயர்பீஸோடு இருக்கும் சென்சார் பட்டையைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது இந்த ஒரு மதர்போர்டுக்கு மட்டுமே சொந்தமானது. கிழிந்தால் முகம் காட்டித் திறக்கும் வசதி போயிற்று.

பேட்டரியை ஒட்டியிருக்கும் பட்டைகளை எனக்குப் பிடித்திருக்கிறது. நுனியைப் பிடித்து, தரையோடு தரையாக, நிதானமாக இழுத்தால் ரப்பராக நீண்டு நீண்டு முழுசாக வெளியே வந்துவிடும். பேட்டரி தானாகக் கழன்றுவிடும். பழுதுபார்க்கப் போகிறவனை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆண்டுகள் ஆனால் பட்டை இறுகி நடுவில் அறுவதும் உண்டு. அப்போது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, ஊறிய பின் நூலை அடியில் ஓட்டி அறுக்க வேண்டும். இரும்பு எதையும் உள்ளே விடக் கூடாது.

புது பேட்டரியைப் பூட்டி முடித்தால் போன் புத்துயிர் பெறும். அப்புறம்தான் அந்த அறிவிப்பு: இது அசல் பேட்டரிதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. பேட்டரியின் சிறு சர்க்யூட்டில் இருக்கும் எண்ணும் மதர்போர்டும் ஜோடி சேர்க்கப்பட்டிருப்பதே காரணம். போலி பேட்டரி ஆபத்து, எச்சரிப்பது கடமை என்பது நியாயமான வாதம். ஆனால் இன்னொரு ஐபோன் 11-இலிருந்து எடுத்த அசல் பேட்டரியைப் போட்டாலும் போன் அதை அசலாக ஏற்பதில்லை. இங்கேதான் அந்த வாதம் நிற்காமல் போகிறது. பின்னால் வந்த சில மாடல்களுக்கு ஐஓஎஸ் 18-இல் வழி திறந்தார்கள்.

கடைகளில் இதற்கு மாற்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய பேட்டரியின் சர்க்யூட்டை வெட்டி எடுத்து, புது செல்லில் ஸ்பாட் வெல்டிங் செய்கிறார்கள். அபாரமான கைத்திறன் அது. ஒரு அறிவிப்பை அடக்க, தீப்பிடிக்கக்கூடிய பொருளின் மேல் அந்தத் திறனைச் செலவிட வைப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 நவம்பர் வரை நோக்கியா ஆலை இயங்கியது. அந்தக் காலத்து நோக்கியாவின் பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளி பிஎல்-5சி பேட்டரியைக் குழந்தைகூட மாற்றும். மெல்லிய உடம்பும் நீர்க்காப்பும் கேட்ட நாம் அந்த வசதியை விட்டுக்கொடுத்தோம், சரி. உதிரிப் பாகத்தையும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பக்கத்து வல்லம் வடகாலில் பாக்ஸ்கானில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. இந்தக் குட்டி ஸ்க்ரூக்களைப் பூட்டும் கைகள் அவ்வளவு அருகில் இருக்கின்றன. ஆனால் 2022 ஏப்ரலில் ஐபோன் சொந்தக்காரருக்கே பாகங்களை விற்கும் திட்டம் தொடங்கியது அமெரிக்காவில். அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது; 2025 மே மாதம் பழுதுபார்ப்புத் தரக்குறியீடு பற்றிய குழு அறிக்கையும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல், மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. நமக்கும் அந்த அளவுக்குக் கட்டாயம் வேண்டும்.

ஆக, நிதானமான கை இருந்தால் நீங்களே செய்யுங்கள். இல்லையென்றால் கடைக்குப் போங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் போனை நீட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "அண்ணே, வாட்டர் சீல் புதுசு ஒட்டுவீங்களா?" என்பது முதலாவது. புதிதாக இருக்கும்போது 2 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று தரச்சான்று பெற்ற போன், ஒருமுறை திறந்தபின் சீல் இல்லாமல் மூடினால் மழைக்கே தாங்காது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிய சீல் ஒட்டினாலும் ஆலையின் காப்பு முழுசாகத் திரும்பிவிட்டது என்று நம்பி நனைக்காதீர்கள். இரண்டாவது, பழைய பேட்டரி எங்கே போகிறது என்பது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. அப்படிப்பட்ட குப்பைக்குள் ஒரு லித்தியம் செல் போய்ச் சேரக் கூடாது. கடையில் தெளிவான பதில் இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முனைகளில் டேப் ஒட்டி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.