தடித்த எழுத்தில் ஒரு சிஆர்பி

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா உறுதியானது. அந்த வாரங்களில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்ததுமே பலர் லேபுக்குப் போன் போட்டு, வீட்டுக்கே ஆளை வரவழைத்து ரத்தம் கொடுத்தார்கள். சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், எல்டிஎச், ஐஎல்-6 எல்லாம் சேர்ந்து ஒரே பேக்கேஜ். மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். சிஆர்பி 38 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே ‘5-க்குள்’ என்று இயல்பு அளவு. நோயாளிக்கு வயது முப்பத்து நான்கு, ஆக்சிஜன் 98, மூச்சுத் திணறல் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் இருக்காது.

அந்த எண் தவறானதல்ல. யாருக்கு, காய்ச்சலின் எத்தனையாவது நாளில், எதற்காகப் பார்த்தார்கள் என்பதில்தான் கோளாறு.

சிஆர்பி புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டார்கள். உடலில் எங்கே அழற்சி மூண்டாலும் ஐஎல்-6 என்ற வேதிச் செய்தி கல்லீரலை எட்டுகிறது. கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் நீங்கினால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இவ்வளவு வேகமாக ஏறி இறங்குவதால் நோயின் போக்கைத் தொடர்ந்து கவனிக்க இது அருமையான கருவி. ஆனால் அழற்சி எங்கே, எதனால் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சீழ் பிடித்த பல், சிறுநீர்த் தொற்று, முடக்குவாதம் எல்லாவற்றிலும் ஏறும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கும்.

மருத்துவமனை வார்டுக்குள் இந்தக் குறியீடுகளுக்கு உண்மையான மதிப்பு உண்டு. 2020 மார்ச்சில் லான்செட் இதழில் வெளிவந்த வூஹான் ஆய்வு 191 உள்நோயாளிகளைப் பார்த்தது. சேரும்போதே, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், சிஆர்பியைக் கொண்டே சிகிச்சையை முடிவு செய்தது. ஆக்சிஜன் 92-க்குக் கீழே இறங்கி அல்லது ஆக்சிஜன் தேவைப்பட்டு, கூடவே சிஆர்பி 75-ஐத் தொட்டவர்களுக்கு டோசிலிசுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். 28 நாளில் இறந்தோர் விகிதம் 35-இலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. விலை உயர்ந்த, எளிதில் கிடைக்காத மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று தவிக்கும் மருத்துவருக்கு இது பெரிய துணை.

அதே பிரிட்டனில் உருவான 4சி மதிப்பெண் முறை இன்னொன்றையும் காட்டுகிறது. மருத்துவமனையில் சேர்ந்தவரின் இறப்பு அபாயத்தை அது எட்டு அம்சங்களைக் கொண்டு 21-க்குக் கணக்கிடுகிறது. சிஆர்பி நூறைத் தாண்டினாலும் கிடைப்பது 2 மதிப்பெண்தான். எண்பது வயதுக்கு மட்டுமே 7. மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தொட்டால் 2. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவதற்கு எந்த லேபும் தேவையில்லை.

இந்த ஆய்வுகள் எல்லாமே மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றியவை. அவற்றின் முடிவை மந்தைவெளியில் படுக்கையறைக்குள் தனிமைப்பட்டிருக்கும் இளைஞருக்குப் பொருத்தும்போது கணக்கு தலைகீழாகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பரிசோதனை, நோய் முற்றப்போகிற நூறு பேரில் எண்பது பேரைச் சரியாகப் பிடிக்கும், முற்றாத நூறு பேரில் எண்பது பேரை விட்டுவிடும். வார்டில் ஆயிரம் பேரில் 300 பேருக்கு முற்றும் என்றால் எச்சரிக்கை பெறுகிற 380 பேரில் 240 பேர் விஷயத்தில் அது சரி. வீட்டிலிருக்கும் ஆயிரம் பேரில் 20 பேருக்குத்தான் முற்றும் என்றால், எச்சரிக்கை 212 பேருக்குப் போகும். அதில் 16 பேருக்குத்தான் அது மெய். மீதி 196 பேரும் வீணாக நடுங்க வேண்டியதுதான்.

நம் ஊர் உடல்வாகும் குழப்பத்தைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்தவருக்கு ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கும். அழற்சியால் பல மடங்கு ஏறினாலும் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே வரலாம். கல்லீரலில் கொழுப்பு படிந்தவருக்கோ கொரோனா இல்லாமலே அது கூடியிருக்கும். டி-டைமர் வயதோடு ஏறுவது. எழுபத்தைந்து வயதுப் பெரியவரை இளைஞரின் அளவுகோலால் அளந்தால் அபாயக் கொடிதான் பறக்கும். போதாததற்கு அலகுகள் வேறு. ஒரு லேப் சிஆர்பியை லிட்டருக்குத் தரும், இன்னொன்று டெசிலிட்டருக்கு. முன்னதில் 60, பின்னதில் 6. நேற்று ஓர் இடத்திலும் இன்று வேறிடத்திலும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது என்று நிம்மதி அடைகிற குடும்பத்தை யார் திருத்துவது?

பயத்தோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணைக் கண்டு மருந்து தொடங்கியதுதான் பெரிய தீங்கு. சிஆர்பி ஏறியிருக்கிறது என்று முதல் வாரத்திலேயே வீட்டில் ஸ்டீராய்டு ஆரம்பித்தவர்கள் உண்டு. அதே ரெகவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை, அவர்களில் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 17.8 விழுக்காடு, பெறாதவர்களிடையே 14. புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடு அல்ல என்றாலும், நிச்சயம் ஊக்கம் தரும் செய்தியும் அல்ல. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நகரத்தில் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை கருப்புப் பூஞ்சைக்கு வழிவிடும். அந்த மே மாதமே அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. லேசான பாதிப்புக்கு சி.டி. ஸ்கேனும் இந்த ரத்தப் பரிசோதனைகளும் வேண்டாம் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா மே தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஆக்சிமீட்டர் ஒன்றே போதுமா? அதுவும் குறையற்றதல்ல. கருவி 92 முதல் 96 வரை காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டதாக 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருத்த தோல் நமக்கும் உரியது. ஆகவே அறுபதைக் கடந்த, சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ள ஒருவருக்கு ஐந்தாம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல் விடவில்லையென்றால், மருத்துவர் ஒரு சிஆர்பி எழுதுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் இடைவெளியில், ஒரே லேபில், இரண்டு முறை பார்த்தால் இன்னும் நல்லது. ஐஎல்-6-ஐ வீட்டு நோயாளிக்கு எழுத ஒரு காரணமும் தென்படவில்லை.

எளிய அளவீடுகளின் வலிமையைத் தமிழ்நாடு வேறொரு நோயில் நிரூபித்துக் காட்டியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் வழிகாட்டலோடு, ஆபத்தான நோயாளியைக் கண்டறிய உடல் எடை–உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டுமே பார்க்கிறார்கள். கொரோனாக் காலத்தில் மாநகராட்சி தெருத்தெருவாக நடத்திய காய்ச்சல் முகாம்களிலும் ஆக்சிமீட்டர்தான் கைக்கருவி.

வடகிழக்குப் பருவமழையோடு ஃபுளூக் காய்ச்சல் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பேக்கேஜ்களும் பெயர் மாறி நிற்கின்றன. இவற்றைத் தடை செய்யச் சொல்வது மிகை. வியட்நாமில் சளி, இருமலோடு வந்தவர்களுக்கு உடனடி சிஆர்பி பார்த்ததால் ஆன்டிபயாடிக் பயன்பாடு 78-இலிருந்து 64 விழுக்காடாகக் குறைந்தது என்ற 2016 ஆய்வு, குறைந்த எண்ணும் நன்மை செய்யும் என்று காட்டுகிறது. ரத்தம் எடுக்க வருபவர் நிரப்பும் படிவத்தில் பெயர், வயது, போன் நம்பர் கேட்கிறார்கள். காய்ச்சல் எத்தனையாவது நாள், ஆக்சிஜன் எவ்வளவு என்று மேலும் இரண்டு கட்டங்கள் சேர்த்து, அந்தப் பதில்களை ரிப்போர்ட்டில் சிஆர்பிக்கு நேராக அச்சடிக்க லேபுகளுக்குப் பெரிய செலவு ஆகாது. லஸ்ஸிலோ பாண்டி பஜாரிலோ ஏதாவது ஒரு லேப் இதை அடுத்த மழைக்காலத்துக்குள் தொடங்கிவைக்கலாம்.