அருச்சகர் நியமனமும் பிறப்புத் தகுதியும்: சேஷம்மாள் தீர்ப்பு (1972) – ஒரு திறனாய்வு

முன்னுரை

சமய நிறுவனம் ஒன்று தன் பணியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பணிச் சமத்துவச் சட்டம் அதனை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது பல நாட்டு நீதிமன்றங்கள் எதிர்கொண்ட வினாவாகும். 2012ஆம் ஆண்டு ஹோசன்னா-டேபர் வழக்கில், சமய ஊழியரை அமர்த்துவதும் நீக்குவதும் திருச்சபையின் உரிமை என்றும், அதில் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நுழையாது என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அங்குச் சமயச் சுதந்திரம் கோரியது நிறுவனம். தமிழ்நாட்டு அருச்சகர் வழக்கிலோ அதனைக் கோரியவர்களுள் பணியில் இருந்த அருச்சகர்களே முதன்மையானோர். கோயிற் பணியைப் பிறருக்கும் திறந்துவிட முனைந்தது அரசு. இவ்வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1972இல் வழங்கிய தீர்ப்பு, பரம்பரை உரிமையை ஒழித்த தீர்ப்பாகவே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. ஆயின் வாரிசுரிமையை விலக்கிய அத்தீர்ப்பு, பிறப்பு என்னும் தடையை அப்படியே விட்டுச் சென்றது என்பதே நம் கருத்து.

தீர்ப்பின் இரு கூறுகள்

தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அதன் 1970ஆம் ஆண்டுத் திருத்தம், அருச்சகர் உள்ளிட்ட கோயிற் பணிகளில் பரம்பரை வாரிசு என்ற காரணத்தால் எவரும் நியமனம் கோர இயலாது என வகுத்தது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பன்னிரண்டு மனுக்களை ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு விசாரித்தது.

அருச்சகர் கோயிலின் பணியாளர். அவரை அறங்காவலர் நியமிப்பது உலகியல் சார்ந்த செயல். ஆதலின் வாரிசு முறையை நீக்கியது சமயத்தில் தலையிடுவதாகாது என்பது தீர்ப்பின் முதற் கூறு. நியமிக்கப்படுபவர் அக்கோயிலுக்குரிய ஆகமம் விதிக்கும் தகுதியினராக இருத்தல் வேண்டும். உரிய பிரிவினர் அல்லாதார் தீண்டினால் திருமேனி தீட்டுப்படும் என்னும் நம்பிக்கை சமய நம்பிக்கையே என்பது இரண்டாம் கூறு. தந்தைக்குப்பின் மகன் என்னும் உரிமை முதற் கூற்றால் மறைந்தது. குறிப்பிட்ட குலத்தில் பிறந்தவர் மட்டுமே என்னும் வரையறை இரண்டாம் கூற்றால் நிலைத்தது. நியமனம் உலகியல் எனின், அதற்குரிய தகுதி மட்டும் வினாவுக்கு அப்பாற்பட்டதாவது எவ்வாறு?

சான்றுகளின் போதாமை

இரண்டாம் கூற்றுக்கு நீதிமன்றம் கொண்ட சான்று ஈண்டு நோக்கத்தக்கது. வைகானச மரபினர் ஒருவரின் உறுதிமொழிப் பத்திரத்தில் கூறப்பட்ட நூற்கருத்து தீர்ப்பில் எடுத்தாளப்படுகிறது. அதன்படி, வைகானசப் பெற்றோருக்குப் பிறந்தவரன்றிப் பிற பிராமணரும் திருமேனியைத் தீண்டலாகாது. இது வைணவ மரபுகளுள் ஒன்றன் கொள்கை. அதே தீர்ப்பு சைவக் கோயில்களையும் பிணித்தது. சைவ மரபிலோ ஆதிசைவர் குலப் பிறப்பு மட்டும் போதியதன்று. சமய, விசேட, நிருவாண தீட்சைகளும் ஆசாரிய அபிடேகமும் வேண்டும். அஃதாவது, தகுதியின் ஒரு பகுதி பிறப்பால் வருவது. மற்றொரு பகுதி பயிற்சியாலும் சடங்காலும் வருவது. இவ்விரண்டையும் பிரித்து ஆராயாமல் ஒரே தொகுப்பாக ஏற்றுக்கொண்டமையே தீர்ப்பின் முதன்மையான குறை எனலாம்.

இந்திய அரசியலமைப்பின் 16(5) உறுப்பும் இங்குக் கருதத்தக்கது. சமய நிறுவனப் பதவியைக் குறிப்பிட்ட சமயத்தவருக்கோ சமயப் பிரிவினருக்கோ உரித்தாக்கும் சட்டத்தை அது அனுமதிக்கிறது. சாதியைப் பற்றியோ பிறப்பைப் பற்றியோ அது பேசவில்லை.

பிற்காலத் தீர்ப்புகள்

கேரளத்துச் சிவன் கோயில் ஒன்றில் மலையாளப் பிராமணர் அல்லாத ஒருவர் பூசகராக நியமிக்கப்பட்டதை 2002இல் ஆதித்தியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முறையான பயிற்சியும் தகுதியுமே வேண்டுவன என அது கூறியது. பயிற்சியையும் பிறப்பையும் பிரிக்கும் வழி இதனாற் புலப்பட்டது. அனைத்துச் சாதியினரும் அருச்சகர் ஆகலாம் என்னும் தமிழக அரசின் 2006ஆம் ஆண்டு ஆணை பற்றிய வழக்கில், 2015இல் அதே நீதிமன்றம் இடைவழி ஒன்றை மேற்கொண்டது. நியமனம் ஆகமப்படி அமைதல் வேண்டும். அவ்வாகம விதி அரசியலமைப்புக்கு முரணாகாமலும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றது.

இதன் விளைவை அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் பயின்றோர் சுமந்தனர். 2006ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து பயிற்சி பெற்றோருள் பெரும்பாலோர் பல்லாண்டுகள் பணியின்றிக் காத்திருந்தனர். 2021 ஆகஸ்டில்தான் அவ்வாறு பயின்ற 24 பேருக்கு ஒரே நாளில் நியமன ஆணை வழங்கப்பட்டது. மறு ஆண்டே, அரசின் நியமன விதிகள் ஆகமக் கோயில்களுக்குப் பொருந்தா எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அத்தகைய கோயில்களை இனங்காணக் குழு ஒன்றையும் அமைக்கப் பணித்தது.

முடிவுரை

ஆகமத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்பது நம் வாதம் அன்று. தம் வழிபாட்டு முறை சிதையலாகாது எனக் கருதும் அடியாரின் அச்சம் மெய்யானது; சட்டம் அதனை மதித்தல் வேண்டும். ஆயின் எந்தக் கோயிலுக்கு எந்த ஆகமம், அது எவரை விலக்குகிறது, அவ்விலக்கு அறிவைச் சார்ந்ததா பிறப்பைச் சார்ந்ததா என்னும் வினாக்களுக்கு உறுதிமொழிப் பத்திரங்கள் விடையாகா. அவற்றுக்கு விடை காண்பதற்கு மூலபாட ஆய்வும் கல்வெட்டாய்வும் கள ஆய்வும் தேவை. இவை நம் துறையினரின் பணிகள். 1972இல் நீதிமன்றத்தின்முன் அத்தகைய ஆய்வு இருந்திருப்பின், பயின்றும் வாயிலில் நிறுத்தப்பட்டோர் இத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திராது எனக் கருத இடமுண்டு.