எல்லை நடக்கும் நாய்

ஜெர்மன் ஷெப்பர்ட் நாயின் அழகை அதன் காதிலும் நிறத்திலும் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதன் பெருநடைதான் அழகு. பின்னங்கால் உந்தித் தள்ள, முன்னங்கால் நீண்டு தரையைத் தொட, முதுகு மட்டும் அசையாமல் வரும். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய சாலையில் யாராவது இந்த நாயை நடத்திப் போனால், நின்று பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

பிழைப்பு தந்த நடை அது. அந்நாளைய ஜெர்மானிய மேய்ச்சல் நிலங்களில் பயிருக்கும் ஆட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. பகல் முழுதும் அந்த எல்லையில் போய்த் திரும்பும் நாய்தான் வேலி. 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், ஹோராண்ட் என்ற நாயை இந்த இனத்தின் முதல் நாயாகப் பதிந்தபோது அவர் போற்றியது இந்த உழைப்பையும் அறிவையும்தான்.

ரப்பர் தோட்டத்துப் பெரியவர்கள் அல்சேஷன் என்றே சொல்லும் இந்த நாய்க்கு நம் மலேசியக் காடும் பழக்கம்தான். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்தில், 1949 முதல் 1952 வரை, மலாயாக் காடுகளில் மோப்பம் பிடித்த 'லக்கி' ஓர் அல்சேஷன். உடன் வந்த மூன்று நாய்களும் இறந்துபோயின. லக்கிக்கு 2007இல், விலங்குகளின் வீரத்துக்கான டிக்கின் பதக்கம் அளித்தார்கள்.

இன்று ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனையும் தாமான் வீடுகளும் நிற்கின்றன. எல்லை நடக்கப் பிறந்த நாயை வாசல் கம்பியில் சங்கிலியால் கட்டிவைக்கிறோம். அது ஓயாமல் குரைக்கும்; வாலைத் துரத்திச் சுற்றும்; கடைசியில் கடிக்கும். முரட்டு நாய் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வேலை இல்லாத நாய் என்பதே சரி. குட்டியாக இருக்கும்போதே பலதரப்பட்ட மனிதர்களையும் ஓசைகளையும் பழக்கினால் பயத்தில் கடிக்கும் குணம் பெரும்பாலும் வராது. தோட்டங்களில் விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டு நடந்த அந்த நேரமே நம் வெக்கையில் இந்த நாயை நடத்த ஏற்ற நேரம். இரட்டை அடுக்கு முடியை மழிக்க வேண்டாம், அது வெயிலிலிருந்து தோலைக் காக்கும், வாரிவிட்டால் போதும்.

எனக்குப் பெரும் கவலை உண்ணிக் காய்ச்சல். 1963இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்களைத் தாக்கிய நோய் இது. பிறகு வியட்நாம் போரில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவ நாய்களைக் கொன்றது. அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். மற்ற இனங்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் கிருமி, இந்த இனத்தில் பல நேரம் எலும்பு மஜ்ஜைவரை போய் இரத்த அணுக்களை வற்றச் செய்துவிடும். தீனி மறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம் என்று எதைக் கண்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்கத்தில் டாக்சிசைக்ளின் மருந்துக்குக் கட்டுப்படும். மழையோ வெயிலோ, உண்ணி மருந்தை ஒரு மாதமும் தவறவிடக் கூடாது.

இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தின் பழைய சாபம். கண்காட்சி மோகத்தில் பின்புறம் சரியச் சரிய வளர்த்த நாய்களை எனக்குப் பிடிக்காது. குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.