சிறைப்புறத்தில் யார்?

என் முன்னாள் மாணவி ஒருத்தி சென்னையில் ஒரு புது ஸ்டார்ட்அப்பில் பயனர் ஆய்வாளராக இருக்கிறாள். செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் பேசி, அவர்களுக்கு என்ன தேவை என்று நிறுவனத்துக்குச் சொல்வது அவள் வேலை. பெண்களுக்கான சேமிப்புச் செயலி ஒன்றுக்காக, ஆம்பூரில் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஐந்து பெண்களைச் சந்தித்தாள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். ஊசியைக் கீழே வைக்காமலே பேசியிருக்கிறார்கள்.

அறிக்கையை எனக்குக் காட்டினாள். “வீட்டுக்கு ஒரே போன்தான். மறைக்க என்ன இருக்கு?” என்று ஒரு பெண் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே முடிவு: தனிப் பூட்டு தேவையில்லை.

“அப்போ பக்கத்துல யார் இருந்தாங்க?” என்று கேட்டேன்.

“அவங்க வீட்டுக்காரர் திண்ணையில இருந்தார், மேடம்.”

அறிக்கையில் திண்ணை இல்லை.

அகப்பாடல் படித்தவர்களுக்கு இந்தத் திண்ணை தெரியும். தலைவன் மறைவில் நிற்க, அவன் காதில் விழட்டும் என்றே தோழி தலைவியிடம் பேசுவாள். சிறைப்புறம் என்பது அதுதான். யார் யாரிடம் சொன்னது என்பதோடு, யார் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் கூற்றுக் குறிப்பு சொல்லிவிடும். அது இல்லாவிட்டால் பாட்டைத் தப்பாகப் படிப்போம்.

பயனர் ஆய்விலும் இதைக் கண்டவர்கள் உண்டு. நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பெண்களிடம் பேசி 2018இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டார் கைக்குப் போகும் போனில் பெண்கள் எப்படித் தனிமையைக் காத்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது. செயலிக்குப் பூட்டுப் போடுகிறார்கள், சிலவற்றை மட்டும் அழிக்கிறார்கள், சிலவற்றைத் தொடாமலே விடுகிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று வாயால் சொல்கிறவரின் விரல் வேறொன்று சொல்லக்கூடும்.

தொடக்கநிலை நிறுவனத்துக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லை. ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது, ஒரு திரையின் வடிவமைப்பில் உள்ள குறைகளைக் கண்டுபிடிப்பதற்கு. அதையே ஐந்து வாழ்க்கைகளை அறிந்துகொள்ளவும் அளவாக்கிவிட்டார்கள்.

என் ஒப்புமையும் ஓரிடத்தில் இடறுகிறது. தோழி தலைவியின் பக்கம் நிற்பவள். ஆய்வாளருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். திண்ணையில் இருக்கும் கணவரை அந்தப் பெண் அறிவார், அதற்கேற்பவே பேசினார். அவர் அறியாத இன்னொருவரும் சிறைப்புறத்தில் இருக்கிறார்: அந்த அறிக்கையைப் பார்த்துப் பணம் போடப்போகும் முதலீட்டாளர்.

அதனால் மாணவியிடம் மூன்று கேட்டேன். ஒவ்வொரு பேட்டியின் அடியிலும் கூற்றுக் குறிப்பு எழுது. பேசிய நேரத்தில் தைத்திருக்கக்கூடிய ஜோடிகளுக்கான கூலியைக் கொடு. இந்தப் பேச்சு யாரிடம் போகிறது என்பதை அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்.

பூட்டு இல்லாத செயலியில் சேமிப்புத் தொகை திரையில் வந்து நிற்கும். திண்ணையில் இருப்பவர் அதைப் படிப்பார். அன்றிரவு அந்த வீட்டில் நடப்பது எந்த அறிக்கையிலும் வராது.